நல்ல கல்லாப் போடு

கொஞ்சம் காலைத் தள்ளி வெச்சுக்குங்க. மூட்டை மேல படாம. உங்களச் சொல்லலீங்க, கோவிச்சுக்காதீங்க, யாரு கால் பட்டாலும் நான் இதையேதான் சொல்லுவேன். தென்னிலையில ஏறுனப்பவே கண்டக்டரோட ஒரு சண்டை ஆகிப்போச்சு. பின்னால டிக்கியில போடுங்கறாரு. டிக்கியில போட்டா யாரு பாத்துக்கறது? எத்தனை லக்கேஜ் டிக்கெட் வேணும்னாலும் கிழிங்க, மூட்டை என்ர ரெண்டு காலுக்கு நடுவுலதான் வரும்னு சொல்லிட்டனுங்க.

உள்ள என்னங்கறீங்களா? கல்லுங்க. ஜல்லி. ரோட்டுக்குப் போடற முக்கால் இஞ்சி ஜல்லி. சிரிக்கறீங்க பாத்தீங்களா. கண்டக்டரும் இப்படித்தான் சிரிச்சாரு. கல்லைக் கொண்டுபோய் கோயமுத்தூர்ல என்ன பண்ணப் போறீங்க, அங்க கல்லு இல்லீங்களான்னு கேட்டாரு. கேக்கறவிய கேக்கட்டும். என்ர கிரஷரும் என்ர மானமும் இந்த மூட்டைக்குள்ள இருக்குதுங்க. அது எனக்குத் தெரியும்.

என்ர பேரு சென்னியப்பனுங்க. தென்னிலைக்குத் தெக்கால நம்முளுது ஒரு கல்லு ஒடைக்கற கிரஷர் ஓடுது. எங்கப்பா வெச்சது. அவரு போனதுக்கு அப்பறம் நானும் எங்கக்கா ஊட்டுக்காரரும் சேந்து பாத்துக்கிட்டம். மச்சான் பேரு சாமியப்பன். பாத்துக்கிட்டம்னுதான் சொன்னேன், கவனிச்சீங்களா? இப்ப நான் மட்டுந்தான் பாத்துக்கறேன். அதைத்தான் சொல்ல வர்றேன்.

வெள்ளகோவிலுக்கு அந்தப் பக்கம் ஒரு பெரிய ரோட்டை அகலப்படுத்தற வேல நடக்குதுங்க. அதுக்கு ஜல்லி வேணும். மாசக்கணக்குல லாரி ஓடும். ரெண்டு கிரஷர்ல எதுன்னு பேச்சு. ஒண்ணு நம்முளுது, இன்னொண்ணு நல்லசிவத்துது. நல்லசிவத்தைப் பத்தி நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். நல்ல மனுசன்னு ஊருல சொல்றாங்க. ஊருல எல்லாரும் ஒருத்தன நல்லவன்னு சொன்னா, எனக்கு அங்கதான் இடிக்கும்.

ஜல்லி குடுக்கோணும்னா மொதல்ல ரோட்டுக் கம்பெனி லேபுல பாஸாகோணுமுங்க. கல்லு கெட்டியா இருக்குதா, தண்ணி குடிக்குதான்னு எல்லாம் பாப்பாங்க. அதுல எல்லாம் நம்ம கல்லு ஜம்முன்னு நின்னுருச்சு. கடேசியா ஒண்ணு இருக்குது. கல்லோட உருவம் பாக்கறது. ஆமாங்க, கல்லுக்கும் மூஞ்சி முகரை பாப்பாங்க.

எப்படீன்னா, மொதல்ல சலிச்சு அளவு வாரியாப் பிரிச்சுருவாங்க. அப்பறம் ஒரு இரும்புத் தகடு. அதுல நீட்டு நீட்டா சந்து வெட்டியிருக்கும். பெரிய கல்லுக்கு அகலச் சந்து, சின்னக் கல்லுக்கு ஒடுக்கச் சந்து. ஒவ்வொரு கல்லா எடுத்து, திருப்பித் திருப்பி அந்தச் சந்துல உட்டுப் பாக்கோணும். உள்ள நுழைஞ்சு உளுந்துருச்சுன்னா அது தட்டைக்கல்லு. உளுகாம நின்னதை எல்லாம் மறுபடியும் எடுத்து, ஒரு பலகையில குத்தி நிறுத்தியிருக்கற ஆணிக்கு நடுவுல நீளவாக்குல வெச்சுப் பாப்பாங்க. போகாம முட்டிக்கிச்சுன்னா அது நீட்டுக்கல்லு. தட்டை, நீட்டு ரெண்டும் சேத்து நூத்துக்கு முப்பத்தஞ்சைத் தாண்டக் கூடாது. தாண்டுனா ஜல்லி வேண்டாம்பாங்க. ஏன்னா தட்டைக்கல்லு ரோட்டுல படுத்துக்கும், லாரி ஏறுனா மொடக்குன்னு முறிஞ்சுரும். நாலு பக்கமும் ஒரே மாதிரி கட்டியா இருக்கற கல்லுதான் ஒண்ணையொண்ணு கோத்துப் புடிச்சுக்கும்.

இதெல்லாம் எனக்கு முன்னாலயே தெரியுமான்னா தெரியாதுங்க. கிரஷர்ல பொறந்து வளந்தவன், ஆனா கல்லைச் சந்துக்குள்ள உட்டுப் பாத்ததில்ல. எல்லாம் இந்த ரெண்டு மாசத்துல கத்துக்கிட்டதுதான்.

மொத சாம்பிள் குடுத்து உட்டேன். டிரைவர் ரெத்தினம் பிக்கப் வண்டியில எடுத்துட்டுப் போனான். அடுத்த நாள் லேபுல இருந்து போன் வருது. மெர்லின்னு ஒரு பொண்ணுங்க, நாகர்கோயில் பக்கம், அதுதான் அங்க லேபு இஞ்சினியர். "அண்ணே, உங்க கல்லு தட்டையில ஃபெயில். பாதிக்கு மேல தட்டையாட்டுல்லா இருக்கு"ங்குது. நம்ம ஜல்லி எப்படிம்மா தட்டையா இருக்கும்னு நேராக் கெளம்பிப் போயிட்டேன்.

போய்ப் பாத்தா தட்டுல பரப்பி வெச்சிருக்குதுங்க. எல்லாம் பிஸ்கட்டாட்டம் கெடக்குது. எனக்கு ஒண்ணும் புரியல. தகட்டு மேலதான் மொதல்ல சந்தேகம். சந்தை எவனாச்சு அரம் போட்டுப் பெருசாக்கியிருந்தா? அளக்கறதுக்கு ஸ்கேல் கொண்டான்னேன். அந்தப் பொண்ணு ஸ்கேல் குடுத்துச்சு. அளந்தேன், சரியாத்தான் இருந்துச்சு. ஸ்கேல் சரியான்னு யாருக்குத் தெரியும்? வேற தகடு இருக்குதான்னு கேட்டேன். அலமாரியில இருந்து புதுசா ஒண்ணு எடுத்துக் குடுத்து, "நீங்களே உட்டுப் பாருங்கண்ணே"ன்னுச்சு. உக்காந்து நானே ஒவ்வொண்ணா உட்டேனுங்க. ஒவ்வொண்ணா உளுந்துச்சு. டொக்கு, டொக்குன்னு. அந்தச் சத்தம் இன்னும் காதுல இருக்குதுங்க.

அப்பத்தான் எனக்குப் பொறி தட்டுச்சு. கல்லு நம்ம கல்லுதான். கருநீலத்துல வெள்ளைப் பொட்டு, அது நம்ம குழியில மட்டுந்தான் வரும். ஆனா நம்ம குவியல்ல இத்தனை தட்டை கெடையாது. யார வேணும்னாலும் வந்து பாக்கச் சொல்லுங்க. அப்படீன்னா என்ன அர்த்தம்? நம்ம குவியல்ல இருந்தே தட்டையாப் பாத்துப் பொறுக்கி எவனோ சாக்குல மாத்தியிருக்கறான். வெளியாளுக்கு இது ஆகுங்களா? ஆகாது. உள்ளாளு வேலை. பாருங்க, அந்த எடத்துல நின்னே நான் இவ்வளவையும் கண்டுபுடிச்சுட்டேன்.

ரெத்தினத்தக் கூப்புட்டு, வழியில எங்கடா நின்னேன்னு கேட்டேன். ஓலப்பாளையத்துல டீ குடிச்சேன்னான். டீ குடிக்க எத்தனை நேரமாகும்? வண்டிய உட்டு எறங்குனயா? எறங்காம எப்படிங்க டீ குடிக்கறதுன்னு கேக்கறான் என்னைய. அன்னிக்கே கணக்க முடிச்சு அனுப்பிட்டேன். அழுதான். அழுதா ஆச்சா? தப்புப் பண்ணாதவன் எதுக்குங்க அழுகறான்?

காங்கேயம் வந்துருச்சுங்களா? அந்தப் பையைக் கொஞ்சம் இக்கட்ட வெச்சுக்குங்க, ஏறறவிய இடிச்சுருவாங்க. ஏனுங்கம்மா, அது மூட்டைங்க, படி இல்ல. பாத்து வாங்க.

எங்க உட்டேன். ஆங், ரெண்டாவது சாம்பிள். இந்தத் தடவ டிரைவரே வேண்டாம்னு மச்சான்கிட்டயே குடுத்தேன். சாக்கு வாய நானே தெச்சேன். கோணி ஊசியில சணல் கோத்து, முடிச்சுப் போட்டு, முடிச்சு மேல மெழுகுவத்தி உருக்கி ஊத்தி, அதுல என்ர மோதரத்தை வெச்சு அழுத்துனேன். ராசா காலத்துல பண்ணுவாங்கல்ல. எங்க மச்சான் அதைப் பாத்துட்டுச் சிரிச்சாரு. சிரிச்சுப்போட்டு என்ன சொன்னாரு தெரியுங்களா? "ஏண்டா மாப்பள, எதுக்கு இத்தனை? பொறுக்கியெல்லாம் போடாத. குவியல்ல மம்முட்டிய உட்டு அள்ளிப் போடு, நம்ம கல்லு நின்னுக்கும்"னாரு.

கேட்டுக்கிட்டீங்களா? அள்ளிப் போடோணுமாமா. சாம்பிளுக்குப் போற கல்லை எவனாச்சு அள்ளிப் போடுவானுங்களா? பொண்ணு பாக்க வர்றப்ப பொண்ண அழுக்குச் சீலையோடயா நிறுத்துவாங்க? நல்லதாப் பாத்துப் பொறுக்கித்தான் போடோணும். எல்லாக் கிரஷர்லயும் அப்படித்தான் பண்றாங்க, இல்லீன்னு ஒருத்தன் சொல்லட்டும். அள்ளிப் போடுன்னு எங்கூட இருக்கற ஆளே சொன்னா, ஃபெயிலாகட்டும்னு நெனைக்கறாருன்னுதான அர்த்தம்? அப்ப எனக்கு ஓடல. அப்பறம் யோசிச்சுப் பாக்கப் பாக்கத்தான் ஒவ்வொண்ணா வெளங்குச்சு.

ரெண்டாவதும் ஃபெயிலுங்க. மொதலதை உட மோசம். மெழுகு ஒடையல, முடிச்சு அவுரல, மோதர அச்சு அப்படியே இருக்குது. உள்ள இருக்கற கல்லு மட்டும் தட்டை. அந்த மெர்லின் பொண்ணு ஒரு கல்லை எடுத்துத் திருப்பிப் பாத்துச்சு. அப்பறம் என்னையப் பாத்து, "அண்ணே, எந்தக் கிரஷர்லயும் இப்பிடி வராது. யாராவது பொறுக்கிப் போட்டாங்களா?"ன்னு கேட்டுச்சு.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. எப்படி வலை விரிக்குது பாருங்க. ஆமாம்மா, பொறுக்கித்தான் போட்டம்னு நான் சொன்னா, சாம்பிள்ல தில்லுமுல்லுன்னு எழுதி ஒரேயடியா ஒதுக்கிருவாங்கல்ல. நான் ஏமாறுவனா? "எங்க கிரஷர்ல அந்தப் பழக்கமே இல்லம்மா, குவியல்ல அள்ளுனதுதான்"னு முகத்துக்கு நேராச் சொல்லிட்டேன். சத்தியம் பண்ணச் சொன்னாலும் பண்ணியிருப்பேன். அந்தப் பொண்ணு, "அப்ப நீங்க சாக்குல கொண்டு வரண்டாம். நானே வந்து குவியல்ல இருந்து எடுத்துக்கிடுதேன்"னுச்சு. அதுக்கும் நான் ஒத்துக்கல. என்ர குவியலுக்குள்ள இவளுக்கு என்ன வேல? குழி எத்தனை ஆழம், மெசின் எப்படி ஓடுது, எல்லாம் பாத்துட்டுப் போய் நல்லசிவத்துகிட்டச் சொல்றதுக்கா?

வேண்டாம்மா, உங்க லேபே வேண்டாம், வெளியில ஒரு காலேஜ் லேபுல டெஸ்ட் பண்ணலாம்னேன். கோவம் வரும்னு பாத்தேன். வரல. "சரிண்ணே, அதுவும் நல்லதுதான். நான் கல்லைத் தொடவே மாட்டேன், கூட நிக்க மட்டும் செய்யுதேன்"னு ஒத்துக்கிச்சு. இத்தனை சுலுவா ஒத்துக்குதேன்னு எனக்கு ரெண்டு நாளு தூக்கம் புடிக்கல.

அதுதான் இன்னிக்குங்க. மத்தியானம் கோயமுத்தூர்ல. அந்தப் பொண்ணு இந்நேரம் அங்க வந்திருக்கும். இன்னிக்கு டெஸ்ட் குடுத்தாத்தான் உண்டு. இல்லீன்னா வேல நல்லசிவத்துக்குன்னு முடிவு பண்ணிட்டாங்க. நம்ம கிரஷர் ஏற்கனவே நொண்டி நொண்டித்தான் ஓடுது. இந்த ரோடும் இல்லீன்னா பூட்ட வேண்டியதுதான்.

மச்சான் சமாச்சாரம் சொல்லாம உட்டுட்டேன் பாருங்க. ரெண்டாவது ஃபெயிலானதும் உக்காந்து யோசிச்சேன். சாக்கு யாரு கையில போச்சு? மச்சான் கையில. நல்லசிவம் மகன் கல்யாணத்துக்கு யாரு போனா? மச்சான். மொய் வெச்சுட்டு வந்துர்ற ஆளு பந்தியில உக்காந்து சாப்புட்டிருக்காரு. ஏனுங்க மச்சான்னு கேட்டா, கூப்புட்டாங்க, பசிச்சுது, சாப்புட்டேங்கறாரு. ஒரு மனுசன் எல்லாத்துக்கும் பதில் வெச்சிருந்தா என்னங்க நெனைக்கறது?

கிரஷர்லயே, ஆளுக நிக்கறப்பவே கேட்டுட்டேன். "நல்லசிவம் உங்களுக்கு என்ன குடுத்தான்"னு. அவரு கையில இருந்த சாவியக் கல்லு மேல வெச்சுட்டு, துண்டை ஒதறித் தோள்ல போட்டுட்டு நடந்து போயிட்டாரு. திட்டியிருந்தாக்கூட மனசு ஆறியிருக்குமுங்க.

அன்னிக்குப் பொழுதோட அக்கா வருவான்னு பாத்தேன். வரல. நான்தான் போனேன். எங்கம்மா சின்னதுலயே போயிட்டாங்க. அக்காதானுங்க எனக்கு எல்லாம். ருக்குமணின்னு பேரு. வாசல்லயே நின்னு, உள்ள வான்னுகூட சொல்லாம, "கல்லப் பாத்துட்டுத்தான் எம் புருசன நம்புவியாடா?"ன்னு கேட்டா. நான் ஒண்ணு சொன்னேன். "அக்கா, இன்னொருக்கா டெஸ்ட் இருக்குது. மூட்டைய நானே கொண்டு போறேன். மச்சான் கை படாத கல்லு பாஸாச்சுன்னா, நான் சொன்னது நெசம். மறுபடியும் ஃபெயிலாச்சுன்னா, மச்சான் மேல தப்பில்ல. ஊருக்கு முன்னால அவரு கால்ல உளுந்து கூட்டிட்டு வர்றேன். நம்ம அம்மா மேல சத்தியம்"னேன். அவ கதவைச் சாத்திட்டா.

அப்பறம் எதுத்தாப்புல வந்தாலும் பேசறதில்லீங்க. மாரியம்மன் கோயில்ல பாத்தேன். பக்கத்துல இருக்கறவிககிட்ட மணி என்னன்னு கேக்கறா, என்ர கையிலதான் வாட்ச் இருக்குது. அதை என்னால தாங்க முடியலீங்க. ஒளிக்காமச் சொல்றேன், ராத்திரிச் சோறு எறங்கறதில்ல.

ஆனா நெசம்னு ஒண்ணு இருக்குதுல்ல. அது இன்னிக்குத் தெரிஞ்சுரும். இந்த மூட்டை பாஸாகும். இதுல எனக்குச் சந்தேகமே இல்ல. டிரைவர் இல்ல, மச்சான் இல்ல, கம்பெனி லேபு இல்ல. கல்லைப் பொறுக்குனதுல இருந்து பஸ் ஏத்துற வரைக்கும் நம்பிக்கையான ஒரே ஆளு.

யாருன்னா, பாவாயிங்க. எங்கப்பா காலத்துல இருந்து கிரஷர்ல இருக்குது. கூலியாள்தான், ஆனா ஒரு ஆணியத் திருடி நான் பாத்ததில்ல. அப்பல்லாம் மெசின் வெச்சு லாரிக்கு லோடு ஏத்த மாட்டாங்க. பொம்பளைக சட்டியில ஜல்லிய அள்ளித் தலையில வெச்சு, பலகை மேல ஏறிப்போய் லாரிக்குள்ள கொட்டோணும். பாவாயி ஏறுனா பலகை ஆடாதும்பாரு அப்பா. இப்பவும் நான் சாம்பிள்னு சொன்னா வேற யாரையும் கிட்ட உடாது. வேப்பமரத்துக்கு அடியில சாக்கை விரிச்சு உக்காந்து, ஒவ்வொரு கல்லா கையில வெச்சுப் பாத்து, ஒதறி, ஊதிப் போடும். அரிசியில கல்லுப் பொறுக்குவாங்கல்ல, அந்தச் சிரத்தை. நான் ஒரே ஒரு வார்த்தைதான் சொல்லுவேன், "நல்ல கல்லாப் போடு பாவாயி"ம்பேன். அவ்வளவுதான். அதுக்கு மேல சொல்ல வேண்டியதே இல்ல.

ஆமாங்க, மூணு தடவையும் அதுதான் போட்டுச்சு. அது போட்டதைத்தான இவிய மாத்துனாங்க.

இன்னிக்குக் காத்தால மூட்டையத் தூக்கிட்டு பஸ் ஸ்டாப்பு வரைக்கும் வந்துச்சுங்க. மச்சான் போனதுல இருந்து அதுக்கும் மனசு சரியில்ல, பாவம். பஸ்ல ஏத்துறப்ப சொல்லுது, "சின்னவருங்க, போன ரெண்டு தடவ என்னமோ கொறை ஆயிருச்சு. இந்தத் தடவ இன்னும் நல்லதாப் பாத்துப் போட்டிருக்கறனுங்க. ஒண்ணுகூட உருளாது"ன்னுச்சு. பாருங்க, அதுக்கு எத்தனை அக்கறைன்னு.

என்ன கேட்டீங்க? உருளாதுன்னா என்னவா?

உருளாதுன்னா உருளாதுதானுங்க. நல்ல கல்லுன்னு அர்த்தம். அது பேச்சு அப்படித்தான் இருக்கும். சட்டியில வெச்சா உருளாம, தலையில ஆடாம, படிஞ்சு...

சித்த இருங்க.

இல்ல, பிரிக்கக் கூடாது. முடிச்சு நான் போட்டது, மெழுகு ஒடைஞ்சுரும். வெளியில இருந்தே தொட்டுப் பாக்கலாம். சாக்கு மெல்லுசுதான். இது... இது கொஞ்சம் தட்டையாத்தான் இருக்குது. ஒண்ணு ரெண்டு இருக்கும். இந்தப் பக்கம் பாக்கறேன். இதும் தட்டை. நீங்க தொடாதீங்க. நான் பாத்துக்கறேன்.

போன் எங்க? ஒரு நிமிசம்.

அலோ, பாவாயி. நான்தான். இல்ல, இன்னும் போய்ச் சேரல. பாஸெல்லாம் ஆகல, அதைக் கேக்காத. நீ சாக்குல என்ன கல்லு போட்ட? நல்ல கல்லுன்னா எந்தக் கல்லு? ... சரி. ... சரி. உருண்டைக் கல்லு? ... ஏன் போடல? ... தலையில நிக்காதா? இது தலையில வெக்கறதுக்கா பாவாயி? மொத ரெண்டு தடவையும் இப்படித்தான் போட்டியா? ... யாரு சொல்லிக் குடுத்தா உனக்கு? ... சத்தமாச் சொல்லு, பஸ்ஸுக்குள்ள கேக்கல. ... வெய்யி. வெய்யி போனை.

நீங்களும் கேட்டிருப்பீங்களே, அது கத்துனது. "நீங்கதானுங்க நல்ல கல்லாப் போடச் சொன்னீங்க"ங்குது. தட்டைக் கல்லுதான் சட்டியில வெச்சா அசையாம உக்காருமாம். உருண்டைக் கல்லு தலையில ஆடி ஆடிக் கீழ உளுந்து, பலகையில காலை வழுக்கிருமாம். சுமக்கறவங்களுக்குத்தான தெரியும் எது நல்ல கல்லுன்னு, அப்படீங்குது.

என்னங்க பாக்கறீங்க?

மச்சான் மேல தப்பில்லையேங்கறீங்களா? அப்படி ஒரேயடியாச் சொல்லீர முடியாதுங்க. நீங்க வெளியாளு, மேலோட்டமாப் பாக்கறீங்க. யோசிச்சுப் பாருங்க. இத்தனை வருசம் என்ர எதுக்க நின்னு ஒரு வார்த்தை எதுத்துப் பேசாத பொம்பள, இன்னிக்கு என் மேலயே திருப்பிப் போடுது. நீங்கதான் சொன்னீங்கன்னு. இது தானாப் பேசற பேச்சுங்களா? பாவாயி ஊடு எங்க இருக்குதுன்னு நெனைக்கறீங்க? எங்கக்கா ஊட்டுக்குப் பின்னால. ஒரே சந்து. மச்சான் தெனமும் அந்த வழியாத்தான் போகோணும். பக்கத்துல நின்னு யாரோ சொல்லிக் குடுக்கற மாதிரிகூட இருந்துச்சு போன்ல. பஸ் எரைச்சல்ல எனக்குச் சரியாக் கேக்கல, ஆனா இருந்துச்சு.

அதையும் வாங்கிட்டாங்க. பாவாயியவே வாங்கிட்டாங்கன்னா நான் யாரைங்க நம்பறது?

அழுகலீங்க. சன்னல்ல தூசி.

இப்ப எங்க வந்திருக்கறம்? பல்லடமா? கண்டக்டர், பல்லடத்துல ஒரு ஆளு எறங்கோணும். ஆமா, கோயமுத்தூருக்குத்தான் டிக்கெட் எடுத்தேன். இருக்கட்டும். நான் எறங்கறேன்.

இல்லீங்க, போகல. டெஸ்ட்டுக்குப் போகல. இந்த மூட்டையக் கொண்டுபோய் அந்தப் பொண்ணு முன்னால பிரிச்சா என்னாகும்னு எனக்குத் தெரியாதுங்களா? வேல போனாப் போகட்டும். நல்லசிவமே நல்லா இருக்கட்டும். கிரஷரப் பூட்டிட்டுப் போறேன்.

அக்காகிட்டப் பண்ணுன சத்தியமா? அதை நான் மறக்கலீங்க. வார்த்தை மாறற ஆளில்ல நான். மறுபடியும் ஃபெயிலாச்சுன்னா கால்ல உளுகறேன்னுதான சொன்னேன்? ஃபெயிலாகலியே. டெஸ்ட்டே நடக்கலீன்னா கல்லு எப்படிங்க ஃபெயிலாகும்?

நின்னுருச்சு. சித்த எந்திரிங்க, ஒரு கை புடிச்சீங்கன்னா படியில எறக்கிரலாம். கனமா இருக்குது. அந்த மூலையப் புடிங்க.

வேண்டாங்க. உடுங்க, கையை எடுங்க. நானே எறக்கிக்கறேன்.